ஐந்து புகைபோக்கியும் ஒரு நாற்காலியும்

டொலிடோ, ஒஹையோ
9 அக்டோபர் 1983

அன்புத் தங்கை லுட்காவுக்கு,

மூன்று வாரம் யோசித்து, இரண்டு முறை மனம் மாறி, நேற்றுப் பிற்பகல் நான்கு மணிக்கு என் நாற்காலியைக் கிழக்கு ஜன்னலிலிருந்து வடக்கு ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன். இதை நீ வேறு யார் வாயிலாகவும் கேள்விப்படக் கூடாது என்பதால் உடனே எழுதுகிறேன். நான் நலம். முட்டி மட்டும் வானிலை அறிக்கைக்கு ஒரு நாள் முன்னதாகவே மழையை அறிவிக்கிறது. உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? உன் மகள் பாலெட் இன்னும் அந்த ஈரி ஊர்ப் பையனோடுதான் சுற்றுகிறாளா?

கிழக்கு ஜன்னலில் தெரிந்தது ஒரு சலவைக் கடையின் பின்சுவர். வடக்கில் தெரிவது டொலிடோவின் வானம். ஆற்றோரமாக உயரமான கட்டடங்கள் ஐந்து எண்ணினேன். புதிதாக எழுப்பியது முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி செய்து பிழைக்கும் ஊர், தன் சரக்கையே உடுத்திக்கொண்டு கரையில் நிற்கிறது. நம் யங்ஸ்டவுனை நினைத்துப் பார். சதுக்கத்தில் நான்கு வங்கிக் கட்டடம். தூரத்துச் சொந்தத்தின் சாவுக்கு வந்த பணக்காரர்கள் போல, யாரோடும் பேசாமல், எப்போது கிளம்பலாம் என்று பார்த்தபடி நிற்கும். நான் குறை சொல்லவில்லை. நூற்று எழுபது மைல் தொலைவில் இருப்பவன் பாரபட்சமில்லாமல் பேச முடியும் என்று மட்டும் சொல்கிறேன்.

கண்ணாடி ஆலை அலுவலகத்தில் வேலை நன்றாகப் போகிறது. சுத்தமான வேலை. சாயங்காலம் கை கழுவக்கூடத் தேவையில்லை.

உன் அண்ணன்,
எமில்


யங்ஸ்டவுன்
20 அக்டோபர் 1983

அன்புள்ள எமில் அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். இரத்த அழுத்தம் டாக்டர் முன்னால் ஏறுகிறது, வீட்டுக்கு வந்ததும் இறங்குகிறது. உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நாற்காலி இடம் மாறிய செய்தியைப் பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிட்டேன்.

எங்கள் செய்தி அவ்வளவு பெரிதல்ல. பாலெட்டுக்குக் கல்யாணம். பிப்ரவரி 25, சனிக்கிழமை, காலை பதினொரு மணி, நம் தேவாலயத்தில். மாப்பிள்ளை அந்த ஈரிப் பையன் டெனிஸ் ஷிமான்ஸ்கிதான். நம் ஆஸ்பத்திரியின் பாய்லர் அறையில் வேலை கிடைத்து இங்கேயே வந்துவிடப் போகிறான். மாடி அறை அவர்களுக்கு.

பாலெட்டின் அப்பா ஆண்டி இருந்திருந்தால் மகளைக் கைபிடித்துப் பீடம் வரை அழைத்துப் போயிருப்பார். அவர் போய் நான்கு வருஷமாகிறது. அந்த இடத்தில் நீதான் நடக்க வேண்டும். பாலெட்டே கேட்டாள்: "மாமா நேர்ல வருவாரா, இல்ல போஸ்ட் கார்டுல வருவாரா?"

விருந்தில் சொந்தபந்தம் சுட்டு வந்து அடுக்கும் குக்கி மேசைக்கு ஆளுக்கு இத்தனை டஜன் என்று எழுதிவிட்டேன். நீ பத்து டஜன் வால்நட் கொலாச்சி. நம் வீட்டில் அந்த மாவு உன் கைக்குத்தான் மசியும். டெனிஸின் அம்மா, "கல்யாணத்துல கேக் போதாதா, இத்தனை குக்கி யாருக்கு?" என்று கேட்டாள். ஈரியில் எப்படியோ தெரியாது, இங்கே குக்கி மேசை இல்லாத கல்யாணம் செல்லுமா என்று பாதிரியாருக்கே சந்தேகம் வரும் என்றேன்.

இந்த வாரம் முதல் பனி விழும் என்கிறார்கள். விழுந்ததும் உன் நாற்காலியை வழக்கம்போல வாசலில் வைத்துவிடுவேன். 1978 ஜனவரி 14 அன்று வண்டி நிற்கும் இடத்தில் பனியை வாரி, சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "சாயங்காலம் வந்துடுவேன், யாரும் நிறுத்தாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாய். பன்னிரண்டாம் நாள் பெரும்புயல் அடித்து நாற்காலி புதைந்தது. தோண்டி எடுத்து வைத்தேன். இது ஏழாவது குளிர்காலம். தெருவில் இதுவரை ஒருவரும் அதை நகர்த்தவில்லை. எதிர்வீட்டு விராபெல் அம்மாள், எழுபத்தொரு வயதில், இரண்டு தெரு தள்ளி வண்டியை விட்டுவிட்டு நடந்து வருகிறாள்.

உன் அன்புத் தங்கை,
லுட்கா


டொலிடோ
13 நவம்பர் 1983

அன்புத் தங்கைக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன். முட்டி நன்றி சொல்லவில்லை. பாலெட்டுக்கு என் ஆசி.

மாப்பிள்ளையின் ஊரைப் பற்றி உனக்குச் சில விவரம் தேவைப்படலாம். ஈரியின் வானத்தில் எல்லாவற்றையும் விட உயரமானது தேவாலயக் கோபுரம். வங்கிக்காரர்கள் அதை முந்திக் கட்டவில்லை. பக்தியால் அல்ல, கடன் கேட்க அத்தனை பேர் வராததால். பிள்ளைகளுக்கு ஏரியைக் காட்டியே வளர்ப்பதால் அந்த ஊர் மனிதர்கள் தூரத்தைப் பார்த்தபடி பேசுவார்கள். டெனிஸ் உன் முகத்தைப் பார்த்துப் பேசாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஏக்ரன் அதற்கு நேர் எதிர். நடுவில் ஒரே ஒரு கோபுரம், சுற்றிலும் குட்டைக் கட்டடங்கள். வகுப்பில் இரண்டு வருஷம் தவறிய பையன் மாதிரி. டேட்டன் ஒழுங்கான ஊர். அங்கே கட்டடங்கள்கூட வரிசையில் நின்று முறை வந்ததும் மூடிக்கொள்கின்றன.

1984-ல் பிழைப்புத் தேடி யங்ஸ்டவுனுக்கு வருகிறவனை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அந்தப் பையனை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு.

பிப்ரவரியில் அலுவலகத்தில் விடுப்பு கிடைப்பது கடினம். பார்க்கலாம். அந்த நாற்காலியை உள்ளே எடுத்து வைத்துவிடு. விராபெல் அம்மாள் பாவம்.

எமில்


யங்ஸ்டவுன்
24 நவம்பர் 1983

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்று நன்றி செலுத்தும் நாள். வான்கோழி அடுப்பில் இருக்கிறது. நாங்கள் நலம், நீ எங்கே, யாரோடு சாப்பிடுகிறாய் என்று எழுதவில்லை.

இந்த ஊர்களுக்கெல்லாம் எப்போது போனாய்? அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஏக்ரனின் கோபுரத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்திருப்பது நல்லதுதான்.

விருந்துக்கு யூனியன் ஹாலைப் பிடித்திருக்கிறேன். தேவாலயத்துக் கூடத்தில் முந்நூறு பேர் உட்கார முடியாது. முன்பணம் கொடுக்கப் போனபோது மில்லில் உன்னோடு இருந்த ஸ்டீவோ பெட்ரில்லாதான் சாவியோடு இருந்தான். சுவரில் அந்தப் பட்டியல் இன்னும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. எஃகு மில்லை மூடப்போவதாகச் சொன்ன மாதம், ஊரை விட்டுப் போக மாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டது. முதல் பெயர் உன்னுடையது. மேசை மேல் ஏறி நின்று நீ பேசியது ஸ்டீவோவுக்கு அப்படியே நினைவிருக்கிறது. எனக்குப் பேசிக் காட்டினான்.

"எவன் போனாலும் போகட்டும், இந்த ஊர்ல கடைசி வெளக்க அணைக்கிறவன் நான்தான்டா!"

"கல்யாணத்தன்னிக்கு மட்டும் அதக் கழட்டி வையேன் ஸ்டீவோ" என்றேன்.

"எதுக்கு? உங்க அண்ணன் வந்தா நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேம்மா. வெளக்கு சுவிட்ச் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுவேன்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணா, அவனும் சிரித்தான். அவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். கையெழுத்துப் போட்ட நூற்றுப் பன்னிரண்டு பேரில் இன்று ஊரில் இருப்பவர்கள் முப்பத்தாறு. போனவர்களை யாரும் ஏசுவதில்லை. நீ முதல் ஆளாகப் போனாய், சொல்லாமல் போனாய், அவ்வளவுதான்.

பாலெட் கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

லுட்கா


டொலிடோ
18 டிசம்பர் 1983

அன்புத் தங்கைக்கு,

உனக்கும் பாலெட்டுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. நான் நலம். வடக்கு ஜன்னல் வழியே குளிர் வருகிறது. இந்தச் சாத்தியத்தை நான் மூன்று வாரத்தில் ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

அன்று மேசை மேல் ஏறியபோது எனக்கு வயது நாற்பத்து நான்கு. அது ஏறும் வயதல்ல. கைதட்டினார்கள். கைதட்டலைக் கேட்டவன் வாய் அவன் பேச்சைக் கேட்காது. மூன்று மாதம் கழித்து, பனியை வாரி முடித்தபோது, சாயங்காலம் வந்துவிடுவேன் என்றுதான் நானும் நினைத்தேன். டொலிடோவில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள், பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எந்தச் சாயங்காலம் திரும்புவது என்று முடிவு செய்ய முடியவில்லை.

வருகிறேன். பாலெட்டிடம் சொல். கறுப்புக் கோட்டு வாங்கிவிட்டேன். கொலாச்சி பத்தல்ல, பன்னிரண்டு டஜன்.

எமில்


யங்ஸ்டவுன்
2 ஜனவரி 1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. உன் கடிதத்தைப் பாலெட்டிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடி முன் போய் நின்று, "மாமா வலது பக்கமா இடது பக்கமா?" என்று கேட்டாள். வலது பக்கம். மாமாவுக்குக் கால் இழுக்குமே, நிதானமாக நடக்கட்டும் என்றேன். "நானும் நிதானமாத்தான் நடப்பேன். ஒரு தடவதான நடக்கப் போறேன்" என்றாள்.

ஊர்ச் செய்தி: ஆற்றங்கரையில் உலைகளை இடிக்க ஆள் வந்துவிட்டார்கள். உன் இரண்டாம் நம்பர் உட்பட எல்லாம் போகிறதாம், ஐந்து புகைபோக்கியும். நம் ஊருக்கு வானம் என்று ஒன்று இருந்தால் அது அந்த ஐந்துதான், வங்கிகள் அல்ல. மில் ஓடியபோது இரவெல்லாம் சிவந்து கிடந்த வானம், மூடிய பிறகு நட்சத்திரம் காட்டுகிறது. அதனால் யாருக்கும் சம்பளம் வரவில்லை. இப்போது அந்த ஐந்தும் போனால் எந்த ஊர் என்று எப்படித் தெரியும் என்று விராபெல் அம்மாள் கேட்கிறாள்.

லாரிக் கதவில் டொலிடோ என்று எழுதியிருக்கிறதாம். உனக்கு அவர்களைத் தெரியுமா என்று ஸ்டீவோ கேட்டான். டொலிடோ பெரிய ஊர் என்றேன்.

லுட்கா


டொலிடோ
24 ஜனவரி 1984

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். அலுவலகத்தில் வேலை அதிகம், அதனால் பதில் தாமதம்.

இப்போது என் ஜன்னலருகே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மாலை வெளிச்சம் கண்ணாடிக் கோபுரத்தில் பட்டு ஆற்றில் விழுகிறது. ஆறு பாதி உறைந்திருக்கிறது. ஊருக்கு ஊர் வானம் வேறு என்று முன்பு எழுதினேன். யோசித்துப் பார்த்தால், எல்லா ஊரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறது: இருப்பதை எண்ணிக் காட்டுகிறது, போனதை எண்ணுவதில்லை.

நீ சொன்ன இடிப்புக் கம்பெனியைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை.

எமில்


யங்ஸ்டவுன்
28 ஜனவரி 1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்.

உன் கடிதம் ஒரே நாளில் வந்து சேர்ந்தது. வழக்கமாக மூன்று நாள் ஆகும். உறையில் உள்ள தபால் முத்திரையில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது.

நேற்று ஸ்டீவோ வந்தான். காலர் நனையும் வரை வாசலிலேயே நின்றான். ஆற்றங்கரை வேலிக்கு வெளியே நின்று பார்த்தானாம். இரண்டாம் நம்பர் உலையின் மேல்தளத்தில் காஸ் கட்டரோடு ஒரு ஆள். "முகமூடி போட்டிருந்தான், மூஞ்சி தெரியலம்மா. ஆனா ஏணிக்கு நடந்து போனான் பாரு, அந்த நடை..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். நான் காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

சமையலறை ஜன்னலிலிருந்து இப்போது எதிர்க்கரைக் குன்றில் உள்ள வீடுகள் தெரிகின்றன. இத்தனை வருஷம் அங்கே வீடுகள் இருந்தது எனக்குத் தெரியாது. டெனிஸ், "காட்சி நல்லா தெறந்திருக்கு அத்தை" என்றான். அவனுக்குத் தெரியாது, பாவம்.

இந்தக் கடிதத்தை டொலிடோ முகவரிக்கே அனுப்புகிறேன். இதே ஊரில் இருப்பவருக்குப் போய்ச் சேர நூற்று எழுபது மைல் போகும். உன் உறையைப் பாலெட்டிடம் காட்டவில்லை.

கல்யாணம் பதினொரு மணிக்கு.

லுட்கா


யங்ஸ்டவுன், நெடுஞ்சாலை விடுதி
19 பிப்ரவரி 1984

அன்புள்ள லுட்கா,

ஞாயிறுகளில் டொலிடோ போய்த் தபால் எடுத்து வருவேன். போன இரண்டு ஞாயிறும் உன் கடிதத்தைப் பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டி வைத்தேன், வராத மாதிரி.

அலுவலகம் கிடையாது. கண்ணாடி ஆலையில் எட்டு மாதம் பெட்டி தூக்கினேன், பிறகு நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருஷமாக இடிப்பு வேலை. ஏக்ரனில் ரப்பர் ஆலை ஒன்றின் மூன்று புகைபோக்கி, ஈரியில் ஒரு வார்ப்பாலை, டேட்டனில் ஒரு தெரு நீளத்துக்குத் தொழிற்சாலை. உனக்கு இத்தனை ஊர் வானத்தைப் பற்றி எழுதினேனே, எதையும் நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்த்தேன்.

டிசம்பரில் ஃபோர்மேன் கேட்டார்: "யங்ஸ்டவுன் உலைக்குள்ள எவனுக்காவது பழக்கம் உண்டா? குழாய் எங்க போகுது, போல்ட் எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆள் வேணும்." அந்த உலையில் பத்தொன்பது வருஷம் நின்றவன் நான். கையைத் தூக்கினேன். பட்டியலில் கையெழுத்துப் போட்ட அதே கை. நான் சும்மா இருந்திருந்தால் அவர்களுக்கு இன்னும் ஒரு மாதம் ஆகியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த ஒரு மாதத்தை நான் கொடுக்கவில்லை.

நாலு புகைபோக்கி போய்விட்டது. ஐந்தாவது வரும் வெள்ளிக்கிழமை போகிறது. மேலே நிற்கும்போது நம் தெரு தெரிகிறது. நாற்காலி தெரிகிறது. அதற்குச் சிவப்பு வண்ணம் அடித்திருக்கிறாய்.

உன் இரத்த அழுத்தத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. சனிக்கிழமை வருவேன். கொலாச்சி சுட விடுதிக்காரம்மா அடுப்பைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

எமில்


டொலிடோ
26 பிப்ரவரி 1984

அன்புள்ள லுட்கா,

பத்தேகாலுக்குத் தெருவுக்குள் வந்தேன். கறுப்புக் கோட்டுதான் போட்டிருந்தேன். தெரு முழுக்க இரண்டு பக்கமும் வண்டிகள். ஒரே ஒரு இடம்தான் காலி, அதில் நாற்காலி.

மூன்று முறை சுற்றி வந்தேன். மூன்றாம் முறை இறங்கி அதன் முன்னால் போய் நின்றேன். விராபெல் அம்மாள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நம் ஊரில் பிறந்தவன் அடுத்தவன் நாற்காலியைத் தொட மாட்டான். பனியை வாரியவன் சாயங்காலம் வருவான் என்று போட்டது அது. அவன் யாரோ. நான் வந்தது வேறு வண்டியில், வேறு வேலையில். அதை எப்படி நகர்த்துவது?

கொலாச்சிப் பெட்டியை நாற்காலி மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கார் கண்ணாடியில் உலைத் தூசி இருந்தது. இது காரணமல்ல, பார்த்தேன், எழுதுகிறேன். பாலெட்டிடம் என்ன சொன்னாய்?

எமில்


யங்ஸ்டவுன்
4 மார்ச் 1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். முட்டிக்கு ஒத்தடம் தொடர்ந்து கொடு.

பதினொன்றேகால் வரை பாதிரியார் காத்திருந்தார். பாலெட் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டீவோ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து, "நான் வரட்டாம்மா?" என்று கேட்டான். வேண்டாம் என்றாள். தனியாக நடந்தாள். வலது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பூங்கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நிதானமாகத்தான் நடந்தாள்.

பெட்டியை விராபெல் அம்மாள் ஹாலுக்கு எடுத்து வந்தாள். மேசையில் முதலில் தீர்ந்தது உன் கொலாச்சிதான். டெனிஸின் அம்மா எப்படிச் செய்வது என்று கேட்டாள். ஸ்டீவோ நான்கு சாப்பிட்டுவிட்டு யார் செய்தது என்றான். சொன்னேன். கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு ஐந்தாவதையும் எடுத்துக்கொண்டான். ஹாலைப் பூட்டும்போது, "வெளக்க நானே அணைச்சுட்டேன்னு அவங்கிட்ட எழுதிடு" என்றான். எழுதிவிட்டேன்.

திங்கள் இரவு மறுபடி பனி, பத்து அங்குலம். டெனிஸ் காலையில் வாரினான். நாற்காலியை நிலவறைக்கு எடுத்துப் போய்விட்டேன். அந்த இடத்தில் இப்போது அவன் வண்டி நிற்கிறது.

லுட்கா